எல்லாத் தலையிடியும் பீனிசமா?

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொற்களுள் ஒன்று பீனிசம். நெற்றி கனத்தால் பீனிசம். கன்னம் நொந்தால் பீனிசம். கண்ணுக்குப் பின்னே குத்தினாலும் பீனிசம். தலை முழுகியதால் வந்தது, வெயிலில் அலைந்ததால் வந்தது, பனியில் நின்றதால் வந்தது எனக் காரணங்கள் பலவாகக் கூறப்படினும், நோயின் பெயர் மட்டும் மாறுவதில்லை. அயலவர் பெயரிடுவார், மருந்துக்கடையிற் குளிகை வாங்கப்படும், அடுத்த மாதம் அதே இடி மீண்டும் வரும். இவ்வாறே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன.

பெயர் பிழையானால் மருந்தும் பிழையாகும். வேண்டாத மருந்தைப் பிள்ளைகள் மாதந்தோறும் விழுங்குவதும், வேண்டிய மருந்து கிடையாது பாடங்களை இழப்பதும் இதனால் வரும் கேடுகள். ஆதலின் இவ்வாரம் பீனிசத் தலையிடி எது, பீனிசம் எனப் பெயர் பெற்ற வேறு தலையிடி எது என்பதனை ஆராய்வோம்.

முகத்தினுள்ளே உள்ள அறைகள்

நமது முகவெலும்புகள் முழுவதும் திண்மமானவை அல்ல. அவற்றினுள்ளே காற்று நிறைந்த வெற்றறைகள் நான்கு சோடிகளாக அமைந்துள்ளன. கன்னங்களினுள்ளே ஒரு சோடி; புருவங்களுக்கு மேலே நெற்றியெலும்பில் ஒரு சோடி; மூக்கின் இரு மருங்கும் கண்களுக்கிடையே தேன்கூட்டின் கண்ணறைகள் போல ஒரு சோடி; மூக்கின் பின்னே மண்டையோட்டின் அடியில் ஒரு சோடி. இவற்றையே மருத்துவர் சைனஸ் என்பர். நாம் குடாக்கள் என்று வழங்குவோம். இத்தாலிய ஓவியராகிய லியனார்டோ டா வின்சி 1489 இல் வரைந்த மண்டையோட்டுப் படங்களிலேயே கன்னக் குடாவையும் நெற்றிக் குடாவையும் காணலாம். 1651 இல் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர் கன்னக் குடாவைத் தமது நூலில் விரித்துரைத்தார்.

வளர்ந்த ஒருவரின் கன்னக் குடா ஏறத்தாழ 15 மில்லிலீற்றர், அதாவது மூன்று தேக்கரண்டி நீர் கொள்ளும். குடாக்களின் உட்புறம் மெல்லிய சவ்வினாற் போர்க்கப்பட்டது. அச்சவ்வு சளியைச் சுரக்கும். அதன்மேலுள்ள நுண்மயிர்கள் ஓயாது அசைந்து அச்சளியை மூக்கை நோக்கித் தள்ளும். கன்னக் குடாவின் வாயில் அடியில் இல்லை, மேற்புறத்தே உள்ளது. அடியில் ஓட்டை இல்லாத குடத்து நீரை மேலே வாய்வழியாக வெளியேற்றுவது போன்ற வேலையை அந்நுண்மயிர்கள் இரவும் பகலும் செய்கின்றன. குடாக்களின் வாயிலோ சில மில்லிமீற்றர் அளவினதே. தடிமன் பிடித்து மூக்கின் சவ்வு வீங்கினால் அச்சிறு வாயில் அடைபடும். சளி உள்ளே தேங்கும். அமுக்கமும் அழற்சியும் நோவை உண்டாக்கும். இதுவே உண்மையான பீனிசத் தலையிடி.

நெற்றிக் குடாக்கள் பிறக்கும்போது உருவாகியிருப்பதில்லை. அவை பிள்ளைப் பருவத்திலே மெல்ல வளர்ந்து, இளமைப் பருவத்தின் இறுதியிலேதான் முழுமை பெறுகின்றன. ஆகவே மூன்று வயதுக் குழந்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதால் அதனை நெற்றிக் குடாவின்மேற் சுமத்துதல் பொருந்தாது.

உண்மைப் பீனிசத்தின் அடையாளங்கள்

தலையிடி ஒன்று மாத்திரம் தனித்து வந்தால் அது பீனிசமாதல் அரிது. தடித்த, நிறம் மாறிய சளி மூக்கிலிருந்தோ தொண்டையின் பின்புறத்தேயோ வடிதல், மூக்கடைப்பு, மணம் அறியும் ஆற்றல் குன்றுதல், சிலவேளை காய்ச்சல் ஆகியன உடன் வருதல் வேண்டும். குனிந்தால் நோவு கூடுவது பீனிசத்துக்கே உரிய அடையாளம் எனப் பலர் நம்புவர். வேறு தலையிடிகளும் குனியும்போது கூடும் ஆதலால் அதனை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே நுண்ணுயிர்கொல்லி மருந்து வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. சாதாரணத் தடிமனிலும் சளி நிறம் மாறும். திடீரெனத் தோன்றும் பீனிசத்திற் பெரும்பகுதி வைரசுகளால் வருவது. வைரசுகளை நுண்ணுயிர்கொல்லிகள் அழிப்பதில்லை. பத்து நாட்களாகியும் சிறிதும் தணியாதிருத்தல், தணிந்து வந்த நோய் மீண்டும் கடுமையாதல், தொடக்கத்திலேயே 39 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சலும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்திருத்தல் ஆகிய மூன்றுள் ஒன்று காணப்படின், பற்றீரியா சேர்ந்திருக்கலாம் என ஐயுற்று மருத்துவரிடம் செல்லல் வேண்டும். சென்ற முறை எஞ்சிய குளிகைகளை எடுத்து விழுங்குவதும், அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது. தேவையின்றிப் பயன்படுத்தினால், தேவைப்படும் நாளில் அம்மருந்துக்குக் கிருமிகள் பணியமாட்டா.

ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் துர்நாற்றமுடைய சளி வடிந்தால் பல்லையும் சோதிப்பித்தல் நன்று. மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னக் குடாவின் அடித்தளத்தை அண்டியிருப்பதால், சொத்தைப் பல்லின் நோய் அங்கே பரவுவதுண்டு.

வேடமிட்டு வரும் நோய்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 2004 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. தமக்குப் பீனிசத் தலையிடி எனத் தாமே கருதியவர்களும், மருத்துவராற் சொல்லப்பெற்றவர்களுமாக 2,991 பேர் அதிற் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 88 சதவீதமானோரின் தலையிடி, மைக்கிறேன் எனப்படும் ஒற்றைத் தலையிடியின் வகையைச் சேர்ந்ததாகவே காணப்பட்டது. நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் வேறொரு நோயின் பெயரைச் சுமந்து திரிந்தனர் என்றால், அயலவர் இட்ட பெயரை நாம் எவ்வளவு நம்பலாம்?

இம்மயக்கத்துக்குக் காரணம் உண்டு. நெற்றி, கண், கன்னம், தாடை, குடாக்களின் சவ்வு ஆகிய அனைத்துக்கும் உணர்ச்சியளிப்பது மூன்று கிளைகளாகப் பிரியும் ஒரே நரம்பு. ஒற்றைத் தலையிடி தாக்கும்போது தூண்டப்படுவதும் அந்நரம்பே. அதனால் நோவு கன்னத்திலும் நெற்றியிலும் தோன்றும். அதனோடு மூக்கு அடைத்துக்கொள்ளும், கண்ணீரும் மூக்குநீரும் வடியும். வடிவது தெளிந்த நீரேயன்றித் தடித்த சளியன்று. காலநிலை மாற்றமும் இந்நோயைத் தூண்டுவதுண்டு. பனிக்காலத்தில் மூக்கடைப்போடு முகம் நொந்தால் எவரும் பீனிசம் என்றே எண்ணுவர். ஒற்றைத் தலையிடி எப்போதும் ஒரு பக்கத்திலேதான் வரும் என்பதும் இல்லை. இரு பக்கமும் வரலாம்.

இதனை அறிய எளிய வினாக்கள் மூன்றினை மருத்துவ ஆய்வாளர் 2003 இல் வகுத்தனர். தலையிடியின்போது குமட்டல் உண்டாகின்றதா? வெளிச்சம் வழக்கத்திலும் மிகுதியாகத் துன்புறுத்துகின்றதா? கடந்த மூன்று மாதங்களில் ஒரு நாளேனும் தலையிடியாற் படிப்போ வேலையோ தடைப்பட்டதா? இம்மூன்றில் இரண்டுக்கு ஆம் என விடை வருமாயின் ஒற்றைத் தலையிடி என ஐயுறுதல் தகும். முடிவு கூறவேண்டியவர் மருத்துவரே.

யாழ்ப்பாணத்தரசர் காலத்து வைத்திய நூலாகிய பரராசசேகரம் தலையில் வரும் நோய்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி, அவற்றை வகைவகையாகப் பிரித்துக் கூறும். நம் முன்னோர் பிரித்தறிந்தவற்றை நாம் ஒரே பெயரால் அழைப்பது பொருத்தமாகுமோ?

தணிக்கும் வழிகள்

பீனிசம் உள்ளவர்க்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் நற்பயன் தரும். யோகப் பயிற்சியிற் சலநேதி எனப்படுவதும் இதனை ஒத்ததே. 250 மில்லிலீற்றர் நீருக்கு ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். நீர் ஒரு நிமிடமேனும் நன்கு கொதித்து ஆறியதாய் இருத்தல் வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே பயன்படுத்தலாகாது. 2011 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கொதிக்க வையாத குழாய் நீரை மூக்கினுட் செலுத்திய இருவர், அந்நீரிலிருந்த ஒருவகை அமீபா மூளையைத் தாக்கியதால் உயிரிழந்தனர். குடித்தால் தீங்கு செய்யாத அக்கிருமி மூக்கு வழியே சென்றால் மூளையை எட்டும்.

நொச்சியிலை இட்டு வேது பிடித்தல் நம் பழவழக்கம். இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஓர் ஆய்வில், நீராவி தலையிடியைச் சிறிது தணித்ததேயன்றிப் பிற குணங்குறிகளை மாற்றவில்லை. மூக்கைக் கழுவியவர்களோ ஓரளவு நலம் பெற்றனர். சுகம் தருமாயின் பெரியவர்கள் வேது பிடிக்கலாம். சிறுபிள்ளைகளைக் கொதிநீர்ப் பானையின் முன் இருத்துதல் ஆபத்தானது. பானை கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் பலர். நுளம்புத்திரிப் புகை, அடுப்புப் புகை, சுருட்டுப் புகை ஆகியன மூக்கின் சவ்வை உறுத்துவன. அவற்றை விலக்கல் வேண்டும்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளை மூன்று அல்லது ஐந்து நாட்களுக்கு மேற் பயன்படுத்தலாகாது. மேலும் நீட்டித்தால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். நோவுக் குளிகைகளும் அத்தகையனவே. மாதத்திற் பதினைந்து நாட்களுக்குக் குறையாது பரசிற்றமோல் விழுங்குவார்க்கு அக்குளிகையே நாளாந்தத் தலையிடியை வளர்க்கும். பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு மருத்துவர் சொல்லாது அஸ்பிரின் கொடுத்தல் தகாது.

ஒற்றைத் தலையிடி உள்ளவர்க்கு வழி வேறு. நோவு தொடங்கிய உடனேயே மருந்தை உட்கொண்டு, இருண்ட அமைதியான அறையில் உறங்குதல் வேண்டும். உணவைத் தவிர்த்தலும் உறக்கம் கெடுதலும் அதனைத் தூண்டுவன. காலையுணவின்றித் தனியார் வகுப்புக்கு ஓடும் மாணவரும், விழித்திருந்து படிக்கும் பரீட்சார்த்திகளும் இதனை மனங்கொள்க. கடும் விரதம் பூணுவோர் தம் உடல்நிலையை மருத்துவரிடம் உரைத்துப் பூணுதல் நன்று. அடிக்கடி வருவோர்க்குத் தடுப்பு மருந்துகளும் உள்ளன.

காலந்தாழ்த்தலாகாத வேளைகள்

நம் நாட்டில் ஒன்றை ஒருபோதும் மறக்கலாகாது. காய்ச்சலோடு கண்ணின் பின்னே நோவு வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். பீனிசம் என எண்ணி அஸ்பிரினோ இபுபுரோபனோ கொடுத்தால் குருதிக்கசிவுக்கு இடமாகும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டித்தல், கழுத்து விறைப்பு, மயக்கம், கைகால் சோர்தல், இதுவரை கண்டிராத கொடிய தலையிடி திடீரெனத் தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல்

வகுப்பறையின் பின்வாங்கில் தலையைக் கவிழ்த்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்கின்றோம். பரீட்சை நெருங்கும்போது தலையிடி என்னும் மாணவியைச் சாட்டுச் சொல்பவள் என்கின்றோம். ஒற்றைத் தலையிடியை வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணாற் காண்பதற்கில்லை. முகத்தில் வீக்கமில்லை, உடலிற் காய்ச்சலில்லை. எனினும் அப்பிள்ளைக்குக் கரும்பலகையின் ஒளியும் பகை, சகமாணவரின் பேச்சும் பகை. பொய் சொல்லுகின்றாய் என்னும் வார்த்தை அந்நோவிலும் கொடியது.

ஆதலால் அயலவர் இட்ட பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். தலையிடி வந்த நாள், தொடங்கிய நேரம், நின்ற நேரம், உண்டதும் உறங்கியதும், சளி வடிந்ததா, குமட்டியதா, விழுங்கிய குளிகை எத்தனை என இரண்டு மாதங்கள் பிள்ளையைக் கொண்டே எழுதுவித்து, அக்கொப்பியோடு மருத்துவரிடம் செல்லுங்கள். நாலு வரி எழுதும் பழக்கம் நாலாண்டுத் துன்பத்துக்கு முடிவு காட்டவும் கூடும்.