மறதிக்கும் நிறையுண்டு

பிரித்தானியத் தபாலக விவகாரத்தை விசாரித்த சேர் வின் வில்லியம்ஸ், தமது அறிக்கையின் முதற் பாகத்தை 2025 யூலையில் வெளியிட்டார். பழைய குற்றச்சாட்டொன்றில் எவர் வாக்கை எவ்வளவுக்கு நம்புவது என்ற கேள்விக்கு இவ்விசாரணையைவிடத் தக்க உதாரணம் அண்மையில் கிடைத்ததில்லை என்பேன்.

கதை வாசகர் அறிந்ததே. 1999 முதல் தபாலகங்களிற் புகுத்தப்பட்ட ஹொரைசன் கணனி முறை, இல்லாத பணக்குறைவைக் காட்டிற்று. திருட்டு, பொய்க்கணக்கு என்று ஏறத்தாழ 1,000 பேர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கணனிச் சான்றைக் கொண்டுவருபவரே அதன் செம்மையையும் காட்டவேண்டும் என்றிருந்த 1984 ஆம் ஆண்டு விதி அதே 1999 இற் சட்டத்தினால் நீக்கப்பட்டிருந்தது. எனவே, இயந்திரம் பிழைத்தது என்று நிறுவும் சுமை உபதபாலதிபர் தலையில் விழுந்தது. அதன் உட்பதிவுகளோ அவர் கையில் இல்லை.

2022 பெப்ரவரியில் அவர்கள் சாட்சியமளிக்கத் தொடங்கினர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, வேறெவருக்கும் இப்படி நேரவில்லை என்று தமக்குக் கூறப்பட்டதாகப் பலரும் சொன்னார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள்; வெவ்வேறு ஊரினர். திகதியில் ஒருவர் தடுமாறலாம், தொகையில் இன்னொருவர் பிசகலாம். நடுநரம்பு ஒன்றாகவே இருந்தது. அகதி மனு விசாரணைக்குப் போய்வந்த நம்மவர்க்கு இது உறைக்கும். கதைகள் ஒத்திருந்தால் யாரோ சொல்லிக்கொடுத்தது என்பார்கள். வேறுபட்டால் முரண்பாடு என்பார்கள். எது ஒத்திருக்கின்றது, எது வேறுபடுகின்றது என்று பார்ப்பவர் சிலரே.

மேலதிகாரிகள் பலரோ நினைவில்லை என்றனர். மறதி மனித இயல்புதான். இருபது வருடத்துக்கு முந்திய மின்னஞ்சலை எவர் நினைவில் வைத்திருப்பார்? ஆயினும் தமக்குச் சாதகமானவற்றைத் தெளிவாக நினைவுகூர்பவர், பாதகமானவற்றை மட்டும் மறந்திருந்தால், அந்த மறதியையும் தராசில் இடத்தான் வேண்டும். அன்று எழுதப்பட்ட கடிதங்களை அவர்கள் முன் வைத்து வினவிய முறை சரியானதே.

எழுத்திலுள்ளதெல்லாம் உண்மை என்றும் கொள்ளலாகாது. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவார்கள், சிறைக்குத் தப்பலாம் என்றெண்ணிப் பொய்க்கணக்குக் குற்றத்தைப் பலர் ஒப்புக்கொண்டனர். பொலிஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கும் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அறிந்த நமக்கு, ஒப்புதல் என்பது எப்படிப் பிறக்கும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. 2021 ஏப்பிரலில் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்று 39 பேரின் குற்றத்தீர்ப்புகளை ஒரேநாளில் இரத்துச்செய்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.