தாகம் என்று செடி சொல்வதில்லை

வீட்டுச் செடிக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உணர்வுப் பிணைப்பை உண்டாக்கும் கருவி ஒன்றை வடிவமைப்பது என் முனைவர்பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதன் அடிப்படைக் கருத்தையே நான் இப்போது ஐயுறுகிறேன். காரணங்களை எழுதிவைத்தால் இத்துறை மாணவர்களுக்குப் பயன்படக்கூடும்.

2006இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உருவான 'பொட்டானிகால்ஸ்' இவ்வகையில் பலரும் அறிந்த முன்னோடி. மண் உலர்ந்தால் செடியின் பெயரால் தொலைபேசி அழைப்பு வரும். பின்னாளில் வந்த தொட்டிகள் திரையில் முகமே காட்டின: நீர் குறைந்தால் வாட்டம், ஊற்றினால் சிரிப்பு. என் கருவியும் அந்த வழியில் வந்ததுதான். ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடிப்படியோரம், ஒரு மணி பிளாண்ட் தொட்டியில் அதைப் பொருத்தினேன்.

செடி செத்தது. மலிவான ஈரப்பத உணரியின் இரு முனைகளுக்கிடையே மின்னோட்டம் பாயும்போது மின்னாற்பகுப்பால் உலோகம் அரிக்கப்படும். அரித்தபின் ஈரமண்ணையும் அது உலர்மண் என்றே காட்டும். திரைமுகம் அழுதது, நான் ஊற்றினேன். இலைகள் மஞ்சளானதைக் கண்ணால் கண்டேன். ஆயினும் திரையை நம்பி மீண்டும் ஊற்றினேன். வேர் மூச்சுத்திணறி அழுகியது.

நல்ல உணரி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கினேன். மின்தேக்கு வகை உணரி அரிக்காது. ஆனால் செம்மண்ணுக்கு அளவீடு செய்ததைத் தென்னைநார்க் கழிவில் செருகினால் வேறு எண் காட்டும். அதைச் சரிசெய்தாலும் அது அளப்பது மண்ணின் ஈரத்தையே, செடியின் தாகத்தை அன்று. அந்த ஈரத்தின் மீது ஒரு மனித முகத்தை ஒட்டுவது நாம்தான். என்னைக் கெடுத்தது உணரியின் பிழை மட்டும் அன்று. இலையைப் பார்க்கும் பழக்கத்தை அந்த முகம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் பயன்படுத்தத் தடை விதித்தது; மீறினால் 5,000 ரூபாய் அபராதம். தெருக்களில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அந்நாட்களிலும் புதிய தொட்டியின் முகம் தவறாமல் அழுதது. கீழ்வீட்டு அம்மா அதைப் பார்த்து, "அது அழுதா நீ என்னப்பா பண்ணுவ? குடத்துல இருக்கறது சோறு பொங்கத்தான்" என்றார். பழைய பெயிண்ட் டப்பாவில் அவர் வளர்த்த துளசிக்கு அரிசி கழுவிய நீர். ஊற்றுமுன் விரலால் மண்ணைக் குத்திப் பார்ப்பார். சில நாள் ஊற்றாமலே திரும்புவார். அந்தத் துளசி இன்றும் இருக்கிறது.

நற்றிணை 172ஆம் பாடல் நம்மில் பலரும் வகுப்பில் படித்ததே. விளையாட்டாய் மண்ணில் புதைத்த புன்னை விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊட்டி வளர்க்கிறார்கள். அம்மரம் உனக்குத் தங்கை என்கிறாள் தாய். பின்னாளில் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச மகள் நாணுகிறாள். புன்னை ஒரு சொல்லும் பேசவில்லை. உறவு ஊட்டியவர்களின் கையில் உண்டானது.

செடிக்குக் கருவி வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜகதீச சந்திர போஸின் கிரெஸ்கோகிராஃப், கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் கோடாகக் காட்டியது. அவருடைய விளக்கங்களில் சில மிகையென்று வாதிடலாம்; ஆனால் கருவி, பார்ப்பவரின் கண்ணைச் செடியை நோக்கித் திருப்பியது. மாறாக, 1966இல் கிளீவ் பேக்ஸ்டர் பொய்யறியும் கருவியை டிரசீனா இலையில் மாட்டி, செடி மனித எண்ணத்தை உணர்கிறது என்றார். அவருடைய கூற்றைச் சோதித்த ஆய்வர்கள் 1975இல் 'சயின்ஸ்' இதழில் எதிர்மறை முடிவையே வெளியிட்டனர். நம் துறை போஸை மேற்கோள் காட்டிக்கொண்டு பேக்ஸ்டரின் வழியில் நடக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

புதிதாகச் செடி வளர்ப்பவருக்கு நினைவூட்டல் தேவை என்ற மறுப்பை ஏற்கிறேன். நினைவூட்டலை நினைவூட்டல் என்றே அழைப்போம். பிணைப்பு உண்டானதா என்று அறிய, புதுமை தீராத இரண்டு வாரத்தில் வினாநிரல் கொடுப்பது போதாது. கருவியைக் கழற்றியபின் அவர் செடியிடம் போகிறாரா என்று பார்க்க வேண்டும். என் அடுத்த வடிவில் முகம் இல்லை. ஒரு நாளில் இலை அசைந்த பாதையை மாலையில் கோடாக வரைந்து காட்டும்; ஆறு வாரத்தில் தானே நின்றுவிடும்.

நெறியாளர் வரைவைப் படித்துவிட்டு, நின்றுபோகும் கருவிக்கு யார் நிதி தருவார்கள் என்று கேட்டார். விண்ணப்பத்தில் அந்தப் பத்தி இன்னும் காலியாகவே இருக்கிறது.