தறியில் இரண்டு பேர், பங்கில் ஒருவர்

இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். கம்பெனி ஷேரில் காசுக்கேற்ற ஓட்டு. கூட்டுறவில் எத்தனை பங்கு இருந்தாலும் தலைக்கு ஒன்றே. நல்ல ஏற்பாடு. ஆனால் யார் தலை? காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் சுற்றுவட்டாரத் தறிகளில் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடுகிறது. உடலையும் ஒரு கரையையும் நெசவாளர் பார்த்துக்கொள்ள, மறுகரை நாடாவை வீச ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அடுப்பு வேலைக்கு நடுவே நாடாவுக்குத் தார் சுற்றுவதும் அநேகமாக அந்தக் கைதான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பங்கோ வழக்கமாக ஒருவர் பெயரில்.

கூலி வீட்டுக்குத்தானே வருகிறது, பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். கூலியைப் பகிரலாம், சங்கத் தேர்தல் ஓட்டையும் கடன் கேட்கும் தகுதியையும் அடுக்களையில் பகிர முடியாது. துணையாட்களையும் சங்கத்தில் சேர்த்தால் போலி உறுப்பினர்கள் பெருகுவார்கள் என்ற அச்சம் நியாயமானது (தறியே இல்லாத உறுப்பினர்கள் பற்றிய புகார் இப்போதே உண்டு). ஆனால் கோர்வையில் இரண்டாவது ஆளைச் சரிபார்ப்பது எளிது: அவர் எழுந்து போனால் சேலை நகராது. தறி இருக்கிறதா என்று பார்க்க வரும் அதிகாரி, இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு போகலாம்.