தேய்ந்த மின்கலம் குப்பையா?

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னை வேளச்சேரியின் தெருக்களில் வெள்ளம் சூழ்ந்து நின்றது, மின்சாரமும் நின்றுபோயிற்று. மாடிகளில் காத்திருந்த மக்களுக்குக் கைப்பேசியே துணை. அதன் மின்கலத்தில் இருந்த மின்னேற்றம் தீர்ந்ததும் அந்தத் துணையும் போயிற்று. சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு பொருளை நாம் எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதை அந்நாட்கள் காட்டின.

ஆனால் அதே மின்கலம் தேய்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? காய்கறித் தோலுடன் சேர்த்துக் குப்பைத் தொட்டியில் எறிகிறோம். இது தவறு. அதுமட்டுமல்ல, இத்தவற்றைத் தவிர்க்கும் வழி நம் வீடுகளுக்கு முன்பே பழக்கமான ஒன்றுதான். அது என்னவென்று பார்ப்பதற்கு முன், மின்கலத்தின் உள்ளே நடப்பதைச் சற்றுக் கவனிப்போம்.

சுவர்க் கடிகாரத்தில் போடும் உலர் மின்கலத்தில் துத்தநாகம் வேதிவினையில் ஈடுபட்டுச் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகிறது. அது ஒருவழிப் பாதை. கைப்பேசியில் இருக்கும் லித்தியம் அயனி மின்கலமோ இருவழிப் பாதை. அதன் எதிர்மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. நேர்மின்வாய் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்ற ஒரு சேர்மத்தால் ஆனது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி, நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் நடுவே இருக்கிறது. எங்கும் மின்பகு திரவம் நிறைந்திருக்கிறது.

கைப்பேசி இயங்கும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டை விட்டு வெளியேறித் திரவத்தின் வழியே நேர்மின்வாயை அடைகின்றன. எலக்ட்ரான்களுக்கு அவ்வழி இல்லை. அவை கைப்பேசியின் உறுப்புகள் வழியாகச் சுற்றிக்கொண்டு செல்கின்றன. அந்த ஓட்டம்தான் திரையை ஒளிரச் செய்கிறது. மின்னேற்றம் செய்யும்போது அயனிகளைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். இவ்வகை மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்குவதில் பங்குகொண்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு முறை போய்வரும்போதும் சிறிதளவு லித்தியம் வேறு வினைகளில் சிக்கிக்கொள்கிறது. ஆகவே சில நூறு முறை மின்னேற்றம் செய்தபின் மின்கலத்தின் கொள்ளளவு குறைகிறது. "செத்துவிட்டது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதிலுள்ள கோபால்ட்டும் லித்தியமும் எங்கும் போய்விடவில்லை; உள்ளேயேதான் இருக்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்கு. 5000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் கொண்ட ஒரு மின்கலத்தில் அடங்கும் ஆற்றல் 5 × 3.7 = 18.5 வாட்-மணி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 1000 வாட்-மணி. இழப்புகளை விட்டுவிட்டால், ஒரு யூனிட்டைக் கொண்டு ஏறத்தாழ 54 முறை மின்னேற்றம் செய்யலாம். நாள்தோறும் செய்தாலும் ஆண்டுக்கு ஏழெட்டு யூனிட்தான் செலவாகும். அப்படியானால் மின்கலத்தில் விலைமதிப்புள்ளது எது? மின்சாரம் அல்ல, உலோகமே! லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் எடையில் 60 விழுக்காடு கோபால்ட். உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. இந்தியா இதற்கும் லித்தியத்துக்கும் வெளிநாடுகளையே எதிர்பார்த்திருக்கிறது.

வேளச்சேரிக்கு அடுத்துள்ள தரமணியில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பிரிவு ஒன்று உள்ளது. லித்தியம் அயனி மின்கலத்தை நம் நாட்டிலேயே செய்வதற்கான முயற்சிகள் அங்கு நடைபெற்றுள்ளன. ஒருபுறம் அறிவியலாளர் இவ்வாறு உழைக்க, மறுபுறம் நாம் அதே உலோகங்களைத் தொட்டியில் எறிவது பொருத்தமா?

எறிந்த மின்கலம் எங்கே போகிறது? தென்சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகப் பெருங்குடிக் கிடங்கில் கொட்டப்பட்டு வந்தது. அக்கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அமைந்தது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலம்தான் வேளச்சேரியின் மழைவெள்ளத்தையும் வாங்கிக்கொள்கிறது. நச்சுத்தன்மையுள்ள பொருள்கள் சேரக்கூடாத இடம் அது.

தீ அபாயமும் உண்டு. குப்பை வண்டியில் மின்கலம் நசுங்கினால் நடுவிலுள்ள தாள் கிழிந்து இரு மின்வாய்களும் தொட்டுக்கொள்ளும். உடனே வெப்பம் பெருகும். உள்ளிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றுவது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பல நாட்கள் எரிந்தது. அதற்கு மின்கலமே காரணம் என்று நாம் சொல்வதற்கில்லை. ஆயினும் மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பும் இடத்துக்குத் தீப்பிடிக்கும் பொருளை அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், எல்லா வகை மின்கலங்களையும் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. மற்றக் குப்பையுடன் கலக்காமல் ஒப்படைப்பது பயன்படுத்துவோரின் கடமை என்றும் கூறுகின்றன. ஆனால் சட்டம் மட்டும் போதாது.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். அதை யாராவது தொட்டியில் எறிகிறார்களா? இல்லை. பழையதைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார். அதிலுள்ள ஈயத்துக்கு விலை உண்டு என்பதே காரணம். நான் முன்பு குறிப்பிட்ட பழக்கமான வழி இதுதான். கைப்பேசி, காதொலிக் கருவி, பவர் பேங்க் ஆகியவற்றின் மின்கலங்களுக்கும் இத்தகைய கழிவுத் தொகை கட்டாயமாக வேண்டும். சிறிய மின்கலம் ஒன்றில் உலோகம் சில கிராம்தானே, இதற்கு இத்தனை ஏற்பாடா என்று சிலர் கேட்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் அற்பம்தான். ஒரு நகரத்தின் மின்கலங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்தால் அது ஒரு சுரங்கம்!

மாணவ நண்பர்களே, கழிவுத் தொகை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தேய்ந்த மின்கலத்தின் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டித் தனியே வையுங்கள். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். கழற்ற முடியாத மின்கலமானால் கருவியையே ஒப்படைக்க வேண்டும். அடுத்த முறை கைப்பேசிக் கடைக்குப் போகும்போது, "பழைய மின்கலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் அதற்கு ஒரு பெட்டி வைக்காமல் இருக்க முடியாது.