மணத்துறவு: கிறிஸ்தவ வேதமும் வழக்கமும் சொல்வது என்ன?



நம் சமுதாயப் பெண்மக்களில் கணிசமானோர் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிகளில் பயின்றவர்கள். நம் வீட்டு நோயாளிகள் பலர் அவர்களுடைய மருத்துவமனைகளில் பராமரிக்கப்பட்டவர்கள். ஆயினும், 'இந்த சிஸ்டர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்வதில்லை?' என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் தெளிவான விடை இல்லை. ஒரு சாரார், இயற்கைக்கு மாறானது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். மற்றொரு சாரார், காதல் தோல்வி என்றும் சீர் கொடுக்க வழியில்லாத ஏழ்மை என்றும் தாமாகவே காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாமென்று திருக்குர்ஆன் (17:36) நம்மை எச்சரித்திருக்க, அண்டை வீட்டாரின் நோன்பைப் பற்றி ஊகத்தால் பேசுவது நமக்கு அழகன்று. அவர்களுடைய வேதமும் வழக்கமும் இது குறித்து என்ன சொல்கின்றன என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கிறிஸ்தவர் அனைவரும் இவ்விஷயத்தில் ஒரே வழக்கம் உடையவரல்லர். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஐயர் மனைவி மக்களோடு வாழ்வதையும், கத்தோலிக்கக் கோயிலின் சாமியார் தனித்து வாழ்வதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையினரிடமோ மூன்றாவது வழக்கம் ஒன்று உண்டு. அங்கே குருப்பட்டம் பெறுமுன் மணம் முடித்தவர் குருவாகலாம். ஆயர்கள் மட்டும் மணம் புரியாத துறவிகளாக இருத்தல் வேண்டும். இம்மூன்று வழக்கங்களும் ஒரே வேதத்திலிருந்து எவ்வாறு எழுந்தன?

பழைய ஏற்பாட்டில் மணத்துறவுக்குப் பெரிதாக இடமில்லை. பல்கிப் பெருகுமாறு மனிதனை இறைவன் ஆசீர்வதித்ததாக ஆதியாகமத்தின் முதல் அத்தியாயமே கூறுகிறது. மக்கட்பேறு இறையருளாகவும், மலடு துயரமாகவும் எண்ணப்பட்ட சமுதாயம் அது. எரேமியா தீர்க்கதரிசிக்கு மட்டும் மணம் முடிக்க வேண்டாமென்று கட்டளை வந்ததாக அவருடைய நூலின் 16ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். அதுவும், அந்நாட்டின் மீது வரவிருந்த பேரழிவுக்கு ஓர் அடையாளமாகவே இடப்பட்ட கட்டளை.

புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அத்தியாயம். மணவிலக்கைப் பற்றி இயேசு கடுமையாகப் பேசியதைக் கேட்ட சீடர்கள், அப்படியானால் மணம் செய்யாதிருப்பதே மேல் போலும் என்கிறார்கள். அதற்கு அவர் மூவகை அண்ணகர்களைக் குறிப்பிடுகிறார். பிறவியிலேயே அவ்வாறு இருப்போர், மனிதரால் அவ்வாறு ஆக்கப்பட்டோர், விண்ணரசின் பொருட்டுத் தம்மைத் தாமே அவ்வாறு ஆக்கிக்கொண்டோர் என்போர் அம்மூவர். இதனை ஏற்க இயன்றவர் ஏற்கட்டும் என்ற கருத்தோடு அப்பேச்சு முடிகிறது. மூன்றாம் வகையினரையே மணத்துறவிகள் என்று திருச்சபை பொருள் கொண்டது. இது அனைவருக்கும் இடப்பட்ட கட்டளையன்று, இயன்றவருக்கு விடுக்கப்பட்ட அழைப்பு என்பது அவ்வசனத்திலேயே தெளிவாகிறது.

மற்றொன்று, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அத்தியாயம். மணமாகாதவர் விஷயத்தில் ஆண்டவரிடமிருந்து பெற்ற கட்டளை தம்மிடம் இல்லை, தம் கருத்தையே சொல்வதாகப் பவுல் அங்கே ஒளிவின்றி எழுதுகிறார். எல்லாரும் தம்மைப் போலத் தனித்திருப்பதை விரும்பினாலும், ஒவ்வொருவருக்கும் இறைவன் அளித்த வரம் வெவ்வேறு என்கிறார். மணமானவருக்கு வாழ்க்கைத் துணையை மகிழ்விக்கும் கவலையும் சேர்ந்துகொள்வதால் மனம் இரண்டுபடுகிறது. மணமாகாதவரோ ஆண்டவருக்குரியவற்றிலேயே கருத்தூன்றலாம் என்பது அவர் காட்டும் காரணம். அடக்க இயலாதவர் மணம் முடிப்பதே நன்று என்றும் அவரே கூறிவிடுகிறார்.

இவற்றோடு வேறு சில வசனங்களையும் சேர்த்துப் பார்த்தல் நீதியாகும். தலைமைச் சீடரான பேதுருவுக்கு மாமியார் இருந்ததை மத்தேயு 8ஆம் அத்தியாயம் கூறுகிறது; ஆகவே அவர் மணமானவர். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், ஆயராக இருப்பவர் ஒரே மனைவியை உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. திருமணத்தைத் தடைசெய்வோரைக் கண்டிக்கவும் செய்கிறது. மணம் புரியும் போதகர்களை உடைய சபைகள் இவ்வசனங்களையே தமக்குச் சான்றாகக் கொள்கின்றன.

இனி, மணம் துறப்போர் தம் துறவுக்குக் கொள்ளும் பொருளைக் கேளுங்கள். அது மூன்று வகைப்படும். முதலாவது, பவுல் கூறிய பிளவுபடாத உள்ளம். இரண்டாவது, மறுமையின் அடையாளம். உயிர்த்தெழுந்தோர் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்ற கருத்து நற்செய்திகளில் வருகிறது. அந்த நிலையை இம்மையிலேயே வாழ்ந்து காட்டி, இவ்வுலகம் முடிவன்று என்று பிறருக்கு நினைவூட்டுவதே தம் பணி என்கிறார்கள். மூன்றாவது, தன் பிள்ளை என்று ஒன்றில்லாததால் யாருடைய பிள்ளையையும் தன் பிள்ளையாகக் கொள்ளும் தொண்டு. திருமணம் இழிவானது என்பது இதன் பொருளன்று. கத்தோலிக்கரின் ஏழு அருட்சாதனங்களில் திருமணமும் ஒன்று. இழிவானதைத் துறப்பதில் தியாகம் ஏது? நல்லதொன்றை அதனினும் பெரியதற்காக விடுவதே துறவு என்பது அவர்கள் கொள்கை.

வரலாற்றில் இது படிப்படியாகவே வளர்ந்தது. ரோமப் பேரரசில் 313இல் கிறிஸ்தவ சமயத்திற்குச் சுதந்திரம் கிடைத்த பின், உயிர்த்தியாகத்திற்கு வாய்ப்பற்றுப் போன நிலையில், வாழ்நாள் முழுவதையும் தியாகமாக்க விழைந்தோர் எகிப்தின் பாலைவனத்தை நாடிப் பெருந்திரளாகச் சென்றனர். அவர்களுக்கு முன்னோடியாக அங்கே தவமிருந்தவரைத் தமிழகக் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்பர். கீழைத் திருச்சபை, மணமானவரைக் குருவாக்கலாம் என்ற வழக்கத்தை 692இல் சட்டமாக்கியது. மேலைத் திருச்சபையோ எதிர்த்திசையில் சென்றது. திருச்சபைச் சொத்துகள் குருக்களின் வாரிசுகளுக்குப் போய்விடுவதைத் தடுக்கும் நோக்கமும் அதில் கலந்திருந்தது. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், குருக்கள் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்றே விதித்தது. மார்ட்டின் லூதர் இதனை எதிர்த்தார். 1525இல், முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்த கத்தரீனா என்ற பெண்ணை மணந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்து சங்கத்தில் தன் நிலையை மீண்டும் உறுதி செய்தது.

அப்படியிருந்தும் குருக்களின் மணத்துறவு அவர்களிடம் மாற்றவொண்ணாத மறைக்கோட்பாடு அன்று. அது ஓர் ஒழுங்குமுறை. குருத்துவத்தின் இயல்பே அதனைக் கட்டாயமாக்கவில்லை, எனினும் அது பொருத்தமானது என்பதே 1965இல் இரண்டாம் வாடிகன் சங்கம் சொன்னதன் சாரம். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்து சேர்ந்த மணமான குருக்கள் சிலர் விதிவிலக்காக ஏற்கப்பட்டுள்ளனர். குருக்கள் பற்றாக்குறை நிலவும் அமேசான் பகுதியில் மணமானவருக்கும் பட்டம் அளிக்கலாம் என 2019இல் ஆயர் மாமன்றம் பரிந்துரைத்தது. ஆனால் 2020இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட அறிவுரை மடல் அதனை ஏற்று விதியை மாற்றவில்லை.

கன்னியர் நிலை இதனின் வேறு. அவர்கள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை இறைவனுக்கு அளிக்கிறார்கள். இது ஒரே நாளில் நடப்பதன்று. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின்படி, பதினேழு வயது நிறையாதவரைப் பயிற்சித் துறவியாகச் சேர்க்க முடியாது. அப்பயிற்சி ஓராண்டாவது நீடிக்க வேண்டும். பின்னர் குறைந்தது மூன்றாண்டுகள் தற்காலிக வார்த்தைப்பாட்டில் வாழ்ந்து, இருபத்தொரு வயதும் நிறைந்த பின்னரே வாழ்நாள் வார்த்தைப்பாடு அளிக்கலாம். வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ சேர்ந்தவரின் சேர்க்கை செல்லாது. நம்மிடையே உலவும் ஊகங்களுக்கு இச்சட்டமே தக்க பதில்.

குறைகளே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அவர்களே அதனை விவாதிக்கிறார்கள். குருக்கள் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகள் பல நாடுகளில் வெளிப்பட்டன. ஆஸ்திரேலிய அரசு நியமித்த விசாரணை ஆணையம் 2017இல் அளித்த இறுதி அறிக்கையில், மணத்துறவு அக்கொடுமைக்கு நேரடிக் காரணமன்று, ஆனால் பிற காரணங்களோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டியது என்று கருதியது. மறைமாவட்டக் குருக்களுக்கு அதனை விருப்பத்திற்குரியதாக்குவது குறித்து வாடிகனிடம் கோருமாறும் பரிந்துரைத்தது.

நம் மார்க்கத்தின் நிலை யாவரும் அறிந்ததே. தொழுகைக்காக இரவு முழுதும் விழித்திருப்பேன் என்றும், நாள்தோறும் நோன்பிருப்பேன் என்றும், மணமே முடிக்கமாட்டேன் என்றும் உறுதி கொண்ட மூவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தி, திருமணம் தம் வழிமுறை என்று அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆயினும் திருமறையின் நிதானத்தைக் கவனியுங்கள். துறவறத்தை அல்லாஹ் விதிக்கவில்லை என்று கூறும் 57:27ஆம் வசனமே, ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோரின் உள்ளங்களில் இருந்த இரக்கத்தையும், இறைவனின் பொருத்தத்தை நாடியே அவர்கள் அதனை ஏற்படுத்திக்கொண்டதையும், அதைப் பேண வேண்டிய முறைப்படி பேணத் தவறியதையும் ஒருங்கே எடுத்துரைக்கிறது. யஹ்யா (அலை) அவர்களைப் புகழும் 3:39ஆம் வசனத்தில் வரும் 'ஹஸூர்' என்ற சொல்லுக்கு, பெண்ணாசையை விலக்கிக்கொண்டவர் என்று விரிவுரையாளர் பலர் பொருள் தந்துள்ளனர். சிரியாவுக்குப் படை அனுப்பியபோது, இறைவனுக்காகத் தம்மை ஒதுக்கிக்கொண்ட துறவிகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுமாறு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டதை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். போர்க்களத்திலேயே பேணப்பட்ட அந்தக் கண்ணியத்தை நம் வீட்டுத் திண்ணையில் பேணக் கூடாதா?

நிறைவாக ஒன்று. மணமாகாதோருக்கு மணமுடித்து வையுங்கள் என்பது சமுதாயம் முழுவதற்கும் அல்லாஹ் இட்ட கட்டளை (24:32). அக்கட்டளை இருக்கும் நம் தெருக்களில், கைக்கூலி கொடுக்க இயலாத காரணத்தால் முப்பதைக் கடந்தும் வாசற்படி தாண்டாதிருக்கும் குமர்கள் எத்தனை பேர்? அந்தக் கன்னியாஸ்திரீ ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்து, தானே விரும்பி ஏற்றது அவளுடைய தனிமை. நம் வீட்டுப் பெண்ணின் தனிமையோ அவள் கேட்டதன்று. மாப்பிள்ளைக்கு விலை வைத்தவர்கள் அவள் மீது சுமத்தியது. வார்த்தைப்பாடும் இல்லை, வழிபாடும் இல்லை, நற்கூலியை எண்ணி ஏற்ற நோன்பும் இல்லை. துறவறம் இல்லாத மார்க்கம் நம்முடையது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அச்சொல் மெய்யாக வேண்டுமானால், அடுத்த வீட்டாரின் மடத்தை எட்டிப் பார்ப்பதை விடுத்து, நம் மகனுக்குப் பேசி வைத்திருக்கும் தொகையை முதலில் வேண்டாமென்று சொல்வோம்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.