சும்மா கிடக்கும் கட்டைக்கும் விலை உண்டு

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் என்று இருந்த செல்லப் பிராணி ஆசை இன்று இகுவானா வரை வந்துவிட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சின்னக் காட்டையே உருவாக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் கனவு. அதில் தவறில்லை. இகுவானா மரத்தில் வாழும் பிராணி. ஏறிப் படுக்கக் கிளை வேண்டும். ஆனால் அந்தக் கிளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்களின் கண்ணில், கல்வராயன் மலையில் விழுந்து கிடக்கும் கட்டைகளும் தொங்கும் கொடிகளும் படாமல் போகாது. "சும்மாதானே கிடக்கிறது, ஒன்றை எடுத்தால் என்ன?" என்று தோன்றலாம். உண்மையில் காட்டில் எதுவும் சும்மா கிடப்பதில்லை. பட்டுப்போன கட்டைக்குள் பல்லியும் அரணையும் தேளும் குடியிருக்கின்றன. மக்கிய பிறகு அதுவே மண்ணுக்கு உரம். ஊர்வனவற்றை நேசிப்பதாகச் சொல்பவர், அவற்றின் வீட்டையே பெயர்த்து வருவது என்ன நியாயம்? காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி மரம் எடுப்பது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும்கூட.

ஒரு கட்டையால் காடு அழிந்துவிடுமா என்று கேட்பார்கள். அழியாது. ஆனால் வாங்குபவர் பெருகினால் விற்பவரும் பெருகுவார் என்பது சந்தையின் விதி. இந்த மலையின் சந்தன மரங்களைக் கடத்தல் குறைத்ததும் அப்படித்தான். அதில் அகப்படுவது வாங்கியவர் அல்ல, வெட்டப் போன ஏழைதான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அது மறந்துவிடக் கூடியதா?

சரி, கட்டைக்கு எங்கே போவது? காட்டுக்குப் போகவே வேண்டாம். தோட்டத்தில் கவாத்து செய்யும்போது விழும் கொய்யாக் கிளை போதும். பூச்சிமருந்து அடிக்காத மரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளை, பிராணியின் உடல் பருமனுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. உதிரும் பட்டையை உரித்து, வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்து, சில நாட்கள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, சிறிய துண்டுகளைக் கொதிக்க வைத்து, பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். சோப்பு, ஃபினாயில், வார்னிஷ் மூன்றும் கூடாது. கொடியை ஊறவைத்தால் இளகும். அப்போதே வளைத்துக் கட்டிக் காயவிட்டால் அந்த வடிவம் நிற்கும். வளர்ந்த இகுவானா 5 அடி வரை நீளும் என்பதால், கிளையை அசையாமல் பொருத்துவது மிக முக்கியம்.

அரளி, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது; எல்லாம் விஷம். கொடிகளிலும் குன்றிமணியும், மாநில மலரான செங்காந்தளும் கொடிய நஞ்சு. இலை தின்னும் இகுவானாவுக்கு அழகு எது, ஆபத்து எது என்று தெரியாது. வளர்ப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், தொட்டிக்குள் இருக்கும் பிராணி எது என்பதும் முக்கியம். உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு உயிர்களை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளையும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கண்ணாடிக்குள் காடு அமைப்பது அழகான பொழுதுபோக்குதான். அதற்காக வெளியே இருக்கும் காடு ஒரு கட்டையைக்கூட இழக்க வேண்டியதில்லை. வளர்ப்பவர்கள் சிந்திக்கட்டும்!