முன்னறை வாடகைக்கு

 

நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் வேலை. இரண்டு பெண்மக்கள். வாப்பா சீதனமாகத் தந்த கல்வீட்டில் முன்னறையும் பக்க விறாந்தையும் சும்மா கிடக்கின்றன. “பைனான்ஸ் கம்பெனியில் பத்து இலட்சம் எடுத்து மேல்மாடி கட்டு, வரும் வாடகையாலேயே கடனை அடைத்துவிடலாம் என்று மச்சான் சொல்கிறார். மார்க்கத்தில் கூடுமா?” என்பது அவரது கேள்வி.

வட்டிக் கடன் கூடாது. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியோடு கடிதத்தை மடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் நினைத்ததில் பாதி மிக நல்ல யோசனை. தான் குடியிருக்கும் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்குக் கொடுத்து, அந்த வருமானத்தில் மெல்ல மெல்லத் தலைநிமிர்வது ஹலாலான வழிதான்.

அமெரிக்காவில் இளம் குடும்பங்கள் இதை ஒரு திட்டமாகவே செய்கின்றன. இரண்டு முதல் நான்கு குடியிருப்புகள் உள்ள கட்டிடத்தை வாங்கி, ஒன்றில் தாங்கள் இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடுவார்கள். உரிமையாளரும் அங்கேயே குடியிருந்தால், அரசாங்க உத்தரவாதமுள்ள ஒருவகைக் கடனில் 3.5 வீத முற்பணம் போட்டாலே போதும். மிச்சமெல்லாம் முப்பது வருட வட்டிக் கடன். நம் சகோதரியின் மச்சான் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஆனால் நமது கரையோரத்துப் பெண்ணுக்கு அந்தக் கடன் எதற்கு? கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கும் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா வீட்டுக்கு அத்திவாரம் போடத் தொடங்குகிறார். மூத்தவளுக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளையவர்களோடு வேறு வீட்டுக்குப் பெயர்கிறார்கள். அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். இதனால் வாப்பாமாரும் காக்காமாரும் படும் பாடு எனக்குத் தெரியும். சீதனத்தைப் புகழ நான் வரவில்லை. ஆனால் வீடு ஏற்கனவே கையில் இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளை முப்பது வருடம் கட்டி முடிப்பதை நீங்கள் நிக்காஹ் அன்றே பெற்றுவிட்டீர்கள். அதை வட்டிக்காரனிடம் பணயம் வைப்பானேன்?

கணக்கையும் பார்த்துவிடுவோம். பத்து இலட்சத்துக்கு வருடம் 20 வீதம் என்று வைத்தால் வட்டி மட்டும் இரண்டு இலட்சம். மேல்மாடியில் இரண்டு பேர் தங்கி, ஆளுக்கு மாதம் 6,000 தருகிறார்கள் என்று வையுங்கள். ஒரு நாளும் காலியில்லாமல் பன்னிரண்டு மாதமும் வந்தாலும் 1,44,000 ரூபாதான். வட்டிக்கே போதாது, முதல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கை மச்சானிடம் காட்டுங்கள்.

இனி முன்னறைக்கு வருவோம். யார் வரப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். கிட்டங்கித் தாம்போதியைத் தெரியாதவர் நமது பகுதியில் இல்லை. மாரி பிறந்து வெள்ளம் ஏறினால் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போக்குவரத்து நின்றுவிடுகிறது. அப்போது கரையோரத்திலிருந்து வரும் ஆசிரியைகளும் குடும்பநலத் தாதிகளும் காரியாலய உத்தியோகத்தர்களும் படும் அவஸ்தையைப் பார்த்திருப்பீர்கள். கிழமையில் நான்கு இரவு தங்க ஒரு பாதுகாப்பான அறை கிடைத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. ஒலுவிலிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள சகோதரிகளுக்குப் போடிங் பிள்ளைகள் புதிதல்ல.

செலவு அதிகமில்லை. வெளியால் ஒரு தனி வாசல், தனி மலசலகூடம், ஒரு மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள். இதற்குக் காசு சேர்க்க நம் பெண்களுக்குச் சீட்டு இருக்கிறதே! எல்லோரும் சமமாகப் போட்டு, முறைவைத்து முழுத் தொகையையும் எடுக்கும் சீட்டில் தவறில்லை. கழிவுக்கு ஏலம் கூறி எடுக்கும் சீட்டில் வட்டி நுழைந்துவிடும், அதை விடுங்கள்.

அறையைத் திருத்துவதற்கு முன் அலுமாரியைத் திறந்து காணிப் பத்திரத்தைப் பாருங்கள். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். நாவிதன்வெளிப் பிரதேசத்தில் குடியேற்றக் காணிகள் நிறைய உண்டு. 1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டத்தோடு வந்தவை பல. இப்படியான பேர்மிட் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உறுதிக் காணியைப் போல நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது. கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். வாப்பா “இது உன் வீடு மகள்” என்று ஊர் முன்னிலையில் சொல்லியிருப்பார். பேர்மிட் இன்னும் வாப்பா பெயரிலேயே கிடக்கும். பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் அவர் மௌத்தானால், அந்தச் சட்டத்தின் பழைய வரிசையில் மகளுக்கு முன்னால் மகன்தான் நின்றார். அந்த ஆண் முன்னுரிமையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. என்றாலும் வாப்பா உயிரோடு இருக்கும்போதே காணிப் பிரிவுக்கு அவரோடு போய் விசாரித்து, பெயரைப் பதிந்துகொள்வதுதான் நல்லது. அறையை வாடகைக்குக் கொடுக்கலாமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். பேச்சில் மட்டும் உள்ள வீட்டை நம்பிச் செலவு செய்த பின் காக்காவோடு மனஸ்தாபப்பட்ட பெண்கள் ஒருவர் இருவரல்ல.

அடுத்தது எழுத்து. எங்கள் உம்மா தன் முன்னறையை ஓர் ஆசிரியைக்குக் கொடுத்திருந்தார். ஒரே பானையில் சோறு, பெருநாளுக்கு ஒரே துணியில் சட்டை. எழுத்து ஒன்றும் இல்லை. பிறகு இஸ்திரிப் பெட்டி யார் கணக்கு என்று கரண்ட் பில்லில் ஒரு தகராறு. ஐந்து வருடச் சிநேகம் இருநூறு ரூபாவில் முறிந்தது. உம்மா மௌத்தாகும் வரை அதைச் சொல்லிக் கவலைப்பட்டார். தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் அந்த நீண்ட வசனம் ஏவுகிறது; நாமோ “நம்மவர்தானே” என்று விட்டுவிடுகிறோம்.

வாடகை இன்ன தொகை, இன்ன காலம், எந்தெந்த இடம் என்று தெளிவாக இருந்தால்தான் மார்க்கப்படி வாடகை ஒப்பந்தம் செல்லும். கிணறு பொதுவா, குசினி பொதுவா, மின்சாரம் யார் பொறுப்பு, விடுமுறை மாதத்துக்கு வாடகை உண்டா, எத்தனை நாள் முன்னதாக அறிவித்து வெளியேறுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகை என்றால் நமது நாட்டுச் சட்டப்படி நொத்தாரிஸ் முன்னிலையில் எழுதவேண்டும். ஓட்டில் ஒழுக்கு, சுவரில் வெடிப்பு போன்றவை வீட்டுக்காரியின் செலவு. வெள்ளம் புகுந்து அறை இருக்கவே முடியாமல் போனால், அந்த நாட்களுக்கு வாடகை கேட்க உங்களுக்கு உரிமையில்லை. மார்க்கச் சட்டம் இதில் குடியிருப்பவர் பக்கம் நிற்கிறது.

ஒத்தி என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். “ஐந்து இலட்சம் தருகிறேன், மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கிறேன், போகும்போது முழுப்பணத்தையும் தா” என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் அந்த ஐந்து இலட்சம் கடன். வாடகையில்லாமல் இருப்பது அந்தக் கடனுக்கான இலாபம். வட்டி வேறு உடுப்பில் வருகிறது, அவ்வளவுதான். பெற்ற பணத்தைச் செலவழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல், ஈற்றில் வீட்டையே எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

யாருக்குக் கொடுப்பது? கணவர் வெளிநாட்டில் இருப்பதால் பெண்களுக்கு மட்டுமே கொடுங்கள். முஸ்லிம் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அன்னமலைப் பக்கம் படிப்பிக்க வரும் தமிழ் ஆசிரியை கேட்டால் மறுக்காதீர்கள். அவர் தன் அறையில் தன் வழக்கப்படி இருக்கட்டும். குசினி விஷயத்தை மட்டும் முதலிலேயே மனம் விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் அந்தச் சகோதரி கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். வீடு உங்களுடையது என்றால் வாடகையும் உங்களுடையது. மனைவி மக்களுக்குச் செலவழிப்பது கணவர் மீதுள்ள கடமை. “உனக்குத்தான் வாடகை வருகிறதே” என்று மாதம் அனுப்பும் பணத்தை அவர் குறைத்துவிட முடியாது. நீங்களாக மனமுவந்து குடும்பத்துக்குச் செலவழித்தால் அது உங்களுக்கு நன்மை. உங்கள் பெயரில் வட்டியில்லாக் கணக்கு ஒன்றைத் திறந்து, வாடகையை அதில் போடுங்கள். அந்த வீட்டுக்கு ஸகாத் இல்லை; சேரும் பணம் நிஸாபை எட்டி ஒரு சந்திர வருடம் நின்றால் 2.5 வீதம் உண்டு.

மேல்மாடி ஆசை இருக்கட்டும், சகோதரியே. முன்னறைப் பணம் நான்கைந்து வருடம் சேர்ந்த பிறகு தூணை எழுப்புவது பற்றி எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். இப்போதைக்கு, வருடாந்த இடமாற்றக் கடிதங்கள் வரும் முன்னர் அந்த வாசலை வெட்டச் சொல்லுங்கள். கடைக்கு வாங்கும் முற்பணம் பற்றிச் சாய்ந்தமருதுச் சகோதரி ஒருவர் கேட்டதற்கு அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.